கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பாயின்செட்டியா வாடிப்போச்சா? தூக்கிப் போடாதீங்க... அடுத்த டிசம்பரிலும் சிவக்க வைக்கலாம்!

டிசம்பர் பிறந்ததும் நர்சரி வாசல்களில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பளபளக்கும் காகிதம் சுற்றிய சின்னத் தொட்டி, மேலே நட்சத்திரம் விரித்தது போல ரத்தச் சிவப்பு. பெயர் பாயின்செட்டியா. பெயர் வாயில் நுழையாவிட்டால் 'கிறிஸ்துமஸ் செடி' என்று கேட்டாலே கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

வீட்டுக்கு வந்து பொங்கல் வரை அழகாக நிற்கும். அப்புறம் கீழ் இலைகள் மஞ்சளாகும், ஒவ்வொன்றாக உதிரும், சிவப்பு வெளுக்கும். பிப்ரவரி கடைசியில் மிஞ்சுவது நாலு குச்சிதான். "செத்துப்போச்சு" என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, அடுத்த டிசம்பரில் இன்னொன்று வாங்குவது பல வீடுகளில் வழக்கம்.

ஆனால் அந்தக் குச்சிகளில் பெரும்பாலும் உயிர் இருக்கும். பாயின்செட்டியா ஒரு சீசனோடு முடிந்துபோகும் பூச்செடி கிடையாது. பல ஆண்டுகள் வாழும் புதர்ச்செடி. நிலத்தில் வைத்தால் 10 அடியைத் தாண்டியும் வளரும். கொடைக்கானல், ஏற்காடு, ஊட்டி பக்கம் போனவர்கள் வேலியோரத்தில் ஆள் உயரத்துக்குச் சிவந்து நிற்பதைப் பார்த்திருக்கலாம். அதே செடிதான் தொட்டியிலும் இருக்கிறது.

உயிர் இருக்கிறதா? நகத்தால் கீறிப் பாருங்க

குச்சியின் தோலை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்து, பால் கசிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே கீற வேண்டும். நுனி காய்ந்திருந்தாலும் அடிப்பகுதி பச்சையாக இருந்தால் போதும், அங்கிருந்து துளிர்க்கும். அடித்தண்டே கொழகொழவென்று அழுகியிருந்தால்தான் நம்பிக்கை இல்லை.

அந்தப் பால் எங்கோ பார்த்தது போல இருக்கிறதா? கள்ளிப்பால்தான். நம் ஊர் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, நடைபாதையோரம் தானாக முளைக்கும் அம்மான் பச்சரிசி எல்லாம் யூஃபோர்பியா என்ற ஒரே பேரினம். பாயின்செட்டியாவும் அதே பேரினத்தில் ஒன்று. அதன் அறிவியல் பெயர் யூஃபோர்பியா புல்கெரிமா. புல்கெரிமா என்றால் லத்தீனில் 'மிக அழகானது'.

சிவப்பாக இருப்பது பூவே இல்லையா?

இல்லை. நாம் பூ என்று நினைக்கும் சிவப்பு இதழ்கள் எல்லாம் நிறம் மாறிய இலைகள். உண்மையான பூக்கள் நடுவில் மஞ்சளும் பச்சையுமாக, குன்றிமணி அளவில் கொத்தாக இருக்கும். நம் காகிதப்பூவிலும் இதே கதைதான்.

கடையில் வாங்கும்போது இந்த நடு மொட்டுகளைப் பார்ப்பது நல்லது. அவை விரியாமல் இறுக்கமாக இருந்தால் செடி புதிது, சிவப்பு நீண்ட நாள் நிற்கும். மஞ்சள் மகரந்தம் கொட்டி, நடுப்பகுதி உதிர ஆரம்பித்திருந்தால் அது ஏற்கெனவே பாதி சீசனை முடித்த செடி.

இந்தச் செடியின் சொந்த ஊர் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். அஸ்டெக் மக்கள் இதை 'குவெட்லாஷோசிட்ல்' என்று அழைத்தார்கள். சிவப்பு இலைகளிலிருந்து சாயம் எடுத்தார்கள், பாலைக் காய்ச்சலுக்கு மருந்தாகப் பயன்படுத்தினார்கள். இயற்கையாகவே டிசம்பரில் சிவப்பதால், ஸ்பானியர்கள் வந்த பிறகு கிறிஸ்துமஸோடு சேர்ந்துகொண்டது. மெக்சிகோவில் இன்றும் இதன் பெயர் 'நோச்சே புவெனா', அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு.

பாயின்செட்டியா என்ற பெயர் ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் என்பவரிடமிருந்து வந்தது. 1825-ல் மெக்சிகோவுக்கு அமெரிக்கா அனுப்பிய முதல் தூதர் இவர். செடியைப் பார்த்து ஆசைப்பட்டுத் தன் ஊரான தெற்கு கரோலினாவுக்கு அனுப்பி வைத்தார். மெக்சிகோவின் உள்நாட்டு அரசியலில் ஓவராக மூக்கை நுழைத்ததால், 'இவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்' என்று அந்த நாடே கேட்டுக்கொண்டது தனிக்கதை. அதனால் செடியின் சொந்த ஊரில் இந்தப் பெயருக்கு அவ்வளவு மரியாதை இல்லை.

ஜனவரியிலேயே ஏன் வாடுகிறது?

முதல் குற்றவாளி அந்தப் பளபள காகிதம். ஊற்றிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அதற்குள்ளேயே தேங்கும். மேலே பார்த்தால் மண் காய்ந்தது போல இருக்கும், அடியில் வேர் ஊறி அழுகிக்கொண்டிருக்கும். இலை தொங்குவதைப் பார்த்து 'தண்ணி பத்தலை போல' என்று இன்னும் ஊற்றுவோம். முடிந்தது கதை. செடி வீட்டுக்கு வந்த அன்றே காகிதத்தை உருவிவிடுவது, குறைந்தபட்சம் அடியில் நாலு ஓட்டை போடுவது அவசியம்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று நாள் கணக்கு வேண்டாம். விரலை ஒரு இஞ்ச் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடலாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும்.

அடுத்தது இடம். டிவி பக்கத்தில், வெளிச்சம் இல்லாத மூலையில் அழகுக்காக வைத்த செடி சில வாரத்தில் இலையைக் கொட்டும். காலை வெயில் விழும் ஜன்னலோரம் நல்லது. ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் ஆகாது. டொரொண்டோ, லண்டன் போன்ற குளிர் ஊர்களில் இருப்பவர்கள் ஹீட்டர் காற்றிலிருந்தும், திறந்து மூடும் வாசல் கதவிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இந்தச் செடி அடிவாங்கும்.

பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை என்ன செய்வது?

சிவப்பு வெளுத்து இலை கொட்ட ஆரம்பித்ததும் தண்ணீரைக் குறையுங்கள். இது செடியின் ஓய்வுக் காலம். உரம் தேவையில்லை.

மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில் தைரியமாகக் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். மண்ணிலிருந்து 4 முதல் 6 இஞ்ச் மட்டும் விட்டு, மற்றதை வெட்டிவிடலாம். வெட்டும் இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கணுக்கள் இருந்தால் போதும். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். வெட்டத் தயங்கி அப்படியே விட்டால், நுனியில் மட்டும் நாலு இலையோடு ஒல்லிக்குச்சியாக வளர்ந்து நிற்கும்.

மலை ஊர்களில் இதோடு செடியை வெயிலுக்குக் கொண்டுவரலாம். சென்னை, திருச்சி, மதுரை போன்ற இடங்களில் அக்னி நட்சத்திரம் முடியும் வரை நேர் வெயிலில் வைக்கவே கூடாது. மரநிழல், அல்லது பசுமை வலை கட்டிய மாடி சரியாக இருக்கும். புதுத் துளிர் மதிய வெயிலில் ஒரே நாளில் கருகிவிடும்.

ஜூனில் துளிர் நன்றாக வந்ததும் ஒரு சைஸ் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். ரொம்பப் பெரிய தொட்டி வேண்டாம், அதில் ஈரம் தேங்கும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவில் கலந்து, கூடவே ஒரு கை மணல் சேர்த்தால் தண்ணீர் நிற்காது. இனி பதினைந்து நாளுக்கு ஒருமுறை உரம் கொடுக்கலாம். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 தண்ணீரில் லேசாகக் கரைத்து ஊற்றினாலும் சரி, ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டாலும் சரி.

ஒவ்வொரு கிளையும் ஐந்தாறு இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். ஒரு நுனி போனால் இரண்டு மூன்று கிளை வரும். டிசம்பரில் ஒவ்வொரு கிளையின் உச்சியிலும் ஒரு சிவப்பு நட்சத்திரம் என்பதால், இப்போது கிள்ளுவது அப்போது கூட்டும். ஆனால் செப்டம்பர் முதல் வாரத்தோடு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கிள்ளினால் வரப்போகும் சிவப்பையும் சேர்த்துக் கிள்ளியதாகிவிடும்.

இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது. வெள்ளை ஈக்கு இந்தச் செடி என்றால் உயிர். மாவுப்பூச்சியும் வரும். ஆரம்பத்திலேயே சோப்புத் தண்ணீரோ வேப்பெண்ணெய்க் கரைசலோ அடித்தால் கட்டுப்படும்.

செடி கொழுகொழுன்னு இருக்கு... ஆனா சிவக்கவே மாட்டேங்குது!

செடியைக் காப்பாற்றியவர்களில் பலர் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தண்ணீர், உரம், வெயில் எல்லாம் சரியாகக் கொடுத்திருப்பார்கள். டிசம்பர் வந்தும் செடி பச்சைப் பசேலென்று நிற்கும். கூடுதலாக உரம் போட்டுப் பார்ப்பார்கள். அதனால் பயன் இருக்காது. ஏனென்றால் செடிக்குக் குறைந்தது இருட்டு.

பாயின்செட்டியா காலண்டரைப் பார்த்துச் சிவப்பதில்லை. இரவின் நீளத்தை அளந்து பார்த்துச் சிவக்கிறது. ஒவ்வொரு இரவும் கிட்டத்தட்ட 12 மணி நேரமோ அதற்கு மேலோ, இடையில் வெளிச்சமே படாத இருட்டாக இருந்தால், 'பகல் குறைந்துவிட்டது, பூக்கும் காலம் வந்தாச்சு' என்று செடி முடிவு செய்யும். அப்போதுதான் இலை விடுவதை நிறுத்தி, மொட்டும் சிவப்பும் தயாரிக்கத் தொடங்கும்.

செடிகளுக்கு இப்படி நேரம் பார்க்கத் தெரியும் என்று கண்டுபிடித்ததில் ஒரு புகையிலைச் செடிக்குப் பங்கு உண்டு. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு 'மேரிலாண்ட் மாமத்' என்ற புகையிலை ரகம் பெரும் தலைவலியாக இருந்தது. கோடை முழுக்க ராட்சதமாக வளரும், பூக்கவே பூக்காது. 1918-ல் அவர்கள் சில செடிகளைத் தினமும் மாலையில் ஜன்னல் இல்லாத ஒரு கொட்டகைக்குள் தள்ளி இருட்டில் வைத்தார்கள். கோடையிலேயே பூத்துவிட்டது. 1920-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

பின்னாளில் வந்த ஆராய்ச்சிகளில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த வகைச் செடிகள் உண்மையில் அளப்பது பகலை அல்ல, தொடர்ச்சியான இரவை. நடு இரவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைத்தாலே, நீண்ட ஒரு இரவை இரண்டு சின்ன இரவுகளாகச் செடி எண்ணிவிடும். இலைகளில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிதான் இதற்குக் காரணம். வெளிச்சத்தில், அதிலும் சிவப்பு ஒளியில், அது ஒரு வடிவத்துக்கு மாறும். இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்புவதற்குள் லைட் எரிந்தால் மறுபடி முதலில் இருந்து.

சாமந்தியும் இதே குணம் கொண்டதுதான். வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் இரவில் பல்பு எரியவிட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடுவார்கள், விலை கிடைக்கும் நேரம் பார்த்து விளக்கை அணைப்பார்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்வதை நாம் பால்கனி டியூப்லைட்டால் தெரியாமல் செய்கிறோம்.

எப்படி இருட்டு கொடுப்பது?

அக்டோபர் 1-ம் தேதியை வைத்துக்கொள்ளலாம். அன்று முதல் தினமும் மாலை 5 மணி வாக்கில் செடியை மூடி, காலை 7 மணி வாக்கில் திறக்க வேண்டும். மொத்தம் 14 மணி நேரம். பகலில் வழக்கம் போல நல்ல வெளிச்சம், குறைந்தது ஆறு மணி நேரமாவது தேவை. பகல் வெளிச்சம் குறைந்தால் செடிக்குத் தெம்பு இருக்காது, இருட்டு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

மூடுவதற்குக் கவிழ்த்த அட்டைப்பெட்டி போதும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அதைவிட, நாலு குச்சி நட்டு அதன் மேல் கெட்டியான கறுப்புத் துணி போர்த்துவது இன்னும் நல்லது, காற்று வரும். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். யாரும் விளக்குப் போடாத ஸ்டோர் ரூம் இருந்தால் மாலையில் உள்ளே, காலையில் வெளியே என்று தூக்கி வைத்தாலும் ஆகும். 'நடுவில் எப்படி இருக்குன்னு பார்ப்போம்' என்று இரவில் செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கும் வேலை மட்டும் கூடாது.

எட்டு வாரம் இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். நவம்பர் கடைசியில் உச்சி இலைகள் தெளிவாகச் சிவந்திருந்தால் மூடுவதை நிறுத்திவிடலாம். அதன் பிறகு ஸ்டார் லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தாலும் சிவப்பு மாறாது.

இதில் ஒரு சிக்கல், தீபாவளி இந்த எட்டு வாரத்துக்குள்தான் விழும், சில ஆண்டுகளில் கார்த்திகை தீபமும். மாடி முழுக்க சீரியல் பல்பு எரியும் நாட்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுவது நல்லது. ஓரிரு நாள் தவறினால் எல்லாம் வீணாகிவிடாது, சிவப்பு கொஞ்சம் தள்ளிப்போகும். வாரக்கணக்கில் தவறினால்தான் பச்சையாகவே நிற்கும். வடகிழக்குப் பருவமழையும் இதே நேரம் என்பதால், செடி கூரைக்குக் கீழே இருக்கட்டும்.

அப்படியானால் கொடைக்கானல் வேலியில் நிற்கும் செடியை யார் தினமும் மூடுகிறார்கள்? யாரும் இல்லை. தமிழ்நாட்டில் அக்டோபர் தொடக்கத்திலிருந்தே இரவு 12 மணி நேரத்தைத் தாண்டிவிடும். தெருவிளக்கு படாத இடத்தில் இருக்கும் செடிக்கு அதுவே போதும். கிராமத்து வீட்டுக் கொல்லைப்புறமோ, வெளிச்சம் எட்டாத தோட்டத்து மூலையோ இருந்தால் அட்டைப்பெட்டி, துணி எதுவும் வேண்டாம். மாடி வீட்டுப் பால்கனிக்குத்தான் இந்தப் பாடு.

சென்னையில் சாத்தியமா?

சாத்தியம்தான், ஆனால் டிசம்பர் 25-க்குள் முழுச் சிவப்பு வரும் என்று சென்னையில் சத்தியம் செய்ய முடியாது. இந்தச் செடி மொட்டு வைக்க இருட்டோடு குளிர்ந்த இரவும் தேவை. இரவு வெப்பம் 21 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது. 24 டிகிரியைத் தொட்டால் பூப்பது தாமதமாகும். சென்னையில் அக்டோபர் இரவுகள் அந்த அளவில்தான் இருக்கும். பெங்களூரு, ஓசூர், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கடலோர நகரங்களில் இரவில் காற்றோட்டமான இடத்தில் வைப்பது உதவும். புத்தாண்டு தாண்டி, பொங்கல் சமயத்தில் சிவந்தால் அது செடியின் தவறோ வளர்த்தவரின் தவறோ இல்லை.

ஊட்டியில் பிரச்சினை நேர் எதிர். உறைபனி விழும் பள்ளப் பகுதிகளில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் செடியை வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.

கடையில் பார்த்த மாதிரி குட்டையாக இல்லையே?

இருக்காது. இரண்டாம் ஆண்டில் செடி உயரமாகவும், கிளைகள் கொஞ்சம் இடைவெளி விட்டும்தான் வரும். வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் செடி நீண்டுவிடாமல் இருக்க வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுக்கிறார்கள். வீட்டில் அதன் வேகம் தீர்ந்ததும் செடி தன் இயல்புக்குத் திரும்பும்.

அந்தக் குட்டைப் புதர் வடிவத்துக்குப் பின்னால் ஒரு தொழில் ரகசியமும் இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள எக்கே குடும்பம்தான் இந்தச் செடியைக் கிறிஸ்துமஸ் வியாபாரமாக மாற்றியது. டிசம்பர் மாத டிவி நிகழ்ச்சிகளின் செட்டுகளுக்கு இலவசமாகச் செடி அனுப்பியே வீடு வீடாகப் பிரபலப்படுத்தினார்கள். அவர்களது செடிகள் மட்டும் அடர்த்தியாகக் கிளை விடும், போட்டியாளர்களுடையது ஒல்லியாக நிற்கும். ஒட்டுக்கட்டும் முறைதான் அந்த ரகசியம் என்று 1990-களின் தொடக்கத்தில் வெளியே தெரிந்தது. அப்படி ஒட்டுக்கட்டும்போது ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகிறது, அதுதான் கிளை விட வைக்கிறது என்று 1997-ல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். கடையில் நாம் ரசிக்கும் அழகு, பாதி ஒரு தொற்றின் உபயம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்கலாமா? விஷம் என்கிறார்களே?

பாயின்செட்டியா இலையைத் தின்றால் உயிர் போகும் என்ற பேச்சு நூறு ஆண்டாக ஓடுகிறது. 1919-ல் ஹவாயில் ஒரு குழந்தை இதைத் தின்று இறந்ததாகப் பரவிய கதைதான் ஆரம்பம். அது நிரூபிக்கப்படவே இல்லை. அமெரிக்க விஷ முறிவு மையங்களுக்கு வந்த, இந்தச் செடி தொடர்பான 22,793 சம்பவங்களை ஆராய்ந்த கட்டுரை 1996-ல் வெளியானது. அதில் ஒரு மரணம்கூட இல்லை. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எந்தப் பாதிப்புமே ஏற்படவில்லை.

அதற்காகக் குழந்தை கையில் கொடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. கடித்தால் வாய் எரியலாம், வயிற்றைப் புரட்டி வாந்தி வரலாம். நாய், பூனைக்கும் அப்படித்தான். தண்டிலிருந்து வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் கொடுக்கும், கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். பலூன், ரப்பர் கையுறை போன்றவை ஒத்துக்கொள்ளாத லேடெக்ஸ் அலர்ஜிக்காரர்கள் இந்தச் செடியிலிருந்து தள்ளி இருப்பது நல்லது. ஏப்ரலில் செடியை வெட்டும்போதுதான் அதிகப் பால் வடியும். அன்று மட்டும் கையில் ஒரு பிளாஸ்டிக் கவராவது மாட்டிக்கொண்டு வெட்டி, முடிந்ததும் கையையும் கத்தரிக்கோலையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். அதற்கு முன் கண்ணைத் தேய்க்க வேண்டாம்.